தொட்டி கட்டலாம், தோழியைக் கட்ட முடியுமா?

கேள்வி: மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்புரை என்றதும் தாய்லாந்திலிருந்து மருத்துவர்கள் வந்தார்கள். குளிக்கத் தனித் தொட்டியும் உண்டு. காட்டில் இந்தக் கவனிப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஆனால் காட்டில் அவளைச் சுற்றி உறவு இருந்திருக்கும். தொட்டி கட்டலாம், தோழியைக் கட்ட முடியுமா? பாட்டி, தாய், மகள் என்று ஆயுள் முழுக்கக் கூட்டமாக வாழ்வதும், நாளின் பெரும்பகுதி நடந்தபடியே மேய்வதும்தான் பெண் யானையின் இயல்பு. அதைக் கல்தளத்தில் தனியே கட்டிப்போட்டால் பாதம் புண்ணாகும். மனம் அதற்கு முன்பே புண்ணாகும். நின்ற இடத்திலேயே ஓயாமல் தலையை ஆட்டும் யானையைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். அடைபட்ட விலங்கின் மன உளைச்சலுக்கு அதுதான் அடையாளம் என்கிறார்கள் விலங்கியலார். 2020-இல் திருப்பரங்குன்றத்தில் கோயில் யானை தெய்வானை தாக்கிப் பாகன் இறந்தார். பழகினாலும் காட்டு விலங்கு காட்டு விலங்குதான்.

உயிரியல் பூங்காவாவது இனப்பெருக்கம், ஆராய்ச்சி என்று காரணம் சொல்லும். ஒற்றை யானையால் எந்த இனம் பெருகும்? மரபு என்பீர்கள். திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கோயில் 2023-இல் இயந்திர யானையை ஏற்றுக்கொண்டது, பூசை நிற்கவில்லை. அம்மன் கேட்பது பக்தியை. யானையைக் கேட்பது நாம்தான். அதற்காக, இருக்கும் யானைகளைக் காட்டுக்குள் விரட்டிவிடச் சொல்லவில்லை. மனிதரிடம் வளர்ந்தவை அங்கே தனியே பிழைப்பது கடினம். அவற்றைக் கடைசிவரை நன்றாகப் பராமரிப்போம், முடிந்தால் மற்ற யானைகளோடு முகாமில் சேர்ப்போம். புதிதாக ஒன்றுகூட வாங்க வேண்டாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023-இல் சொன்னதும் இதைத்தான்.