பெஞ்சுக்கு ஆறு பேர்

1857-ல் கும்பினிக்காரர்கள் வடக்கே சிப்பாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே, தெற்கே சென்னைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். பாடம் நடத்துகிற சோலியே அப்போது அதற்குக் கிடையாது. கல்லூரிகள் நடத்தும், இது தேர்வு வைத்து ஃபெயில் போடும். இடநெருக்கடி எப்படி வரும்? முதல் பி.ஏ.வில் தேறியவர்கள் சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இரண்டே பேர், இரண்டு பேரும் யாழ்ப்பாணம். ஒரு ஒற்றைமாட்டு வண்டி போதும்.

அப்புறம் ஜனம் பெருகியது. ஆனால் சென்னை மாமியார் இடுப்புச் சாவிக்கொத்தை விடவில்லை. மைசூர் 1916-லும் ஆந்திரம் 1926-லும் தனிக்குடித்தனம் போயின. திருச்சிப் பக்கத்துத் துறையூர்ப் பையன் மட்டும், 1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்ந்த ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, 300 கிலோமீட்டருக்கு அப்பால் குத்தப்படும் முத்திரைக்குத் தவம் கிடந்தான். மதுரைக்கு 1966-ல் பாகம் பிரித்தாயிற்று. திருச்சிக்கு முதுகலை மையம் என்று ஒரு திண்ணை. 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 4.84 கோடியைத் தொட்ட பிறகு, 1982-ல்தான் பாரதிதாசன் பல்கலைக்கழகம். அதே ஆண்டு கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம். குருவும் சீடரும் ஒரே வயசு. தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற அதிசயம்.

பல்கலைக்கழகம் வந்தால் சீட்டு வந்துவிடுமா? கட்டடத்துக்குக் காசு வேண்டும். கடிகாரம் ஓசி. 2006 வாக்கில் அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் வந்தது: காலைக் காட்சி, மதியக் காட்சி, இடைவேளையில் முறுக்கு மட்டும் பாக்கி. துறையூரிலிருந்து முசிறிக்கும் திருச்சிக்கும் படிக்கட்டில் தொங்கிப் போன தலைமுறைக்குப் பட்டம் வாங்கும் முன்பே கைப்பிடி பலம் வந்துவிட்டது.

அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் மலிவு. அட்மிஷன் நேரத்தில் ஓர் அரசாணை: அரசுக் கலைக் கல்லூரிகளில் 20 சதவீதம் கூடுதல் சேர்க்கை. ஐந்து பேர் பெஞ்சில் ஆறு பேர். கணக்கு அட்சரசுத்தம். நம்மூர் மினி பஸ் கண்டக்டர் இதைச் சொன்னால் ஏச்சு. கோட்டையில் சொன்னால் கொள்கை.

2025-ல் துறையூருக்கே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. சாமி, கோட்டைக்காரர்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்: அந்தப் பெஞ்சில் ஏழாவது ஆளை உட்கார வைப்பதற்கு முன் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போடுங்கள்.