மைனஸ் பத்தில் திராட்சை பறித்த கதை

நயாகரா,
ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் இங்கே ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனேன். சிரிக்காதீர்கள். உங்கள் சுருளிப்பட்டித் தோட்டத்தில் ஒரு கூடை பறிக்கச் சொன்னால் பாதியைத் தின்றுவிட்டு ஓடியவன்தான். இங்கே நடு ராத்திரியில், மைனஸ் 10 டிகிரியில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்தேன்.

எல்லாம் ‘ஐஸ் ஒயின்’ படுத்தும் பாடு. மற்ற அறுவடை முடிந்தும் சில வரிசைகளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் மழையில் பழம் வெடித்தால் நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிடுவீர்களே! இவர்கள் பழம் சுருங்கிக் கல்லாகட்டும் என்று காத்திருக்கிறார்கள். மைனஸ் 8 டிகிரிக்கு இறங்கினால்தான் பறிக்கலாம், விதியே அப்படி. அதனால் டிசம்பர் முழுக்கத் தோட்டக்காரர் வானத்தையே பார்க்கிறார். மழை மேகத்தைப் பார்க்கும் உங்கள் முகம்தான் அவருக்கும். என்ன, அவர் வேண்டுவது குளிரை.

நம் பந்தலில் கையைத் தூக்கிப் பறிப்போம். இங்கே கொடி இடுப்புயரக் கம்பியில். குனிந்து குனிந்து என் முதுகு போயிற்று. மீன்வலை மாதிரி வலை வேறு சுற்றியிருக்கிறது, பறவைகளுக்குப் பயந்து. இன்னிஸ்கில்லின் என்ற பண்ணையில் 1983-இல் இதற்கென்று விட்ட பழத்தைப் பறவைகளே தின்று தீர்த்தனவாம். மறு வருஷம் வலை கட்டித்தான் ஒயின் எடுத்தார்கள். அவர்களுடைய 1989 ஒயின் 1991-இல் பிரான்சிலேயே பெரிய பரிசு வாங்கியது. பறவைகள் செய்ததைப் பார்த்தால், நம்மூர்க் கிளிகளை நீங்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கொத்தைக் கூடையில் போட்டால் கோலிக்குண்டு கொட்டுகிற சத்தம். ஒன்றைக் கடித்தேன், பல் தப்பியது பூர்வ புண்ணியம்.

உருகுவதற்குள் செக்கில் போட்டு நசுக்குகிறார்கள். தண்ணீர் ஐஸாக உள்ளேயே தங்கிவிட, இனிப்புச் சாறு மட்டும் பாகு மாதிரி சொட்டுகிறது. சொட்டு என்றால் சொட்டுத்தான். வழக்கமாக வருகிற சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. ஆகவே இருமல் மருந்து மாதிரி ஒல்லிச் சீசாவில் அடைத்து, யானை விலை வைக்கிறார்கள்.

கூலியோடு ஒரு சின்னக் கோப்பையும் தந்தார்கள். (அம்மாவிடம் ‘திராட்சை ரசம்’ என்று சொல்லிவையுங்கள். பொய்யில்லை.) தேனில் மாம்பழத்தைக் குழைத்த ருசி, திகட்டும் முன்பே ஒரு புளிப்பு வந்து நாக்கைக் கழுவிவிட்டுப் போனது.

இதைப் படித்ததும் பன்னீர் திராட்சையை அத்தையின் ஃபிரிட்ஜில் திணிக்காதீர்கள். கொடியிலேயே உறைந்தால்தான் இங்கே ‘ஐஸ் ஒயின்’ என்று பெயர் வைக்க விடுவார்கள். அத்தை எதையும் விடமாட்டார்.

அன்புடன்,
உங்கள் மருமகன்