முதுகுக்குப் பின்னால் பேசுவோம்

ஒரு நாயக், லே
மூன்று மாதமாக இடுப்பு வலி. எம்.ஐ. ரூமுக்கு (யூனிட் மருத்துவ அறை) போனால் மருத்துவக் கேட்டகரி இறங்கிவிடும், புரமோஷன் தள்ளிப்போகும். ப்ரூஃபென் போட்டே ஓட்டிவிடலாமா?

ஓட்டலாம், கிட்னி சம்மதித்தால். அந்த உயரத்தில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் மாத்திரையை விழுங்கினால், வலியோடு வயிறும் சிறுநீரகமும் கூட்டணி சேரும். தற்காலிகக் கேட்டகரி என்பது வழக்கமாக 24 வாரம். சரியானால் மறுபடி மெடிக்கல் போர்டு, மறுபடி முழுத் தகுதியான ஷேப்-1. மறைத்துவைத்து ரோந்தில் மடங்கி விழுந்தால், உங்களையும் உங்கள் பிட்டு மூட்டையையும் ரைஃபிளையும் சுமந்து இறங்குபவனுக்கும் சேர்த்து இரண்டு கேட்டகரி இறங்கும்.

கல்லூரி மாணவி, நீடாமங்கலம்
வீரனுக்கு முதுகில் கோளாறு என்றாலே இழுக்காமே, சங்க காலத்திலிருந்தே?

உங்கள் பக்கத்து ஊர்ச் சமாச்சாரம்தான். வெண்ணிப் போரில் கரிகாலன் விட்ட வேல் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பில் நுழைந்து முதுகு வழியே வெளியே வந்தது. நுழைந்த இடத்தை மறந்து, வெளியேறிய இடத்துக்கு வெட்கப்பட்டு, வடக்கிருந்து உயிரை விட்டான். உருப்படியான ஒரு ரெஜிமென்ட் டாக்டர் கூடவே இருந்திருந்தால், 'காயம்: மார்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மன்னனைக் காப்பாற்றியிருப்பார்.

வங்கி ஊழியர், கோவை
முதுகு வலியோடு போருக்குப் போய்ப் பேர் வாங்கியவர் உண்டா?

ஜான் கென்னடி. 1941-ல் அமெரிக்கத் தரைப்படை அவர் முதுகைப் பார்த்து வேண்டாம் என்றது. அப்பாவின் செல்வாக்கில் கடற்படைக்குள் நுழைந்தார். 1943 ஆகஸ்ட் 2, சாலமன் தீவுகள். இருட்டில் வந்த ஜப்பானிய நாசகாரி அமாகிரி, அவருடைய பி.டி.-109 படகை இரண்டாகப் பிளந்தது. தீக்காயம்பட்ட சகாவின் லைஃப் ஜாக்கெட் வாரைப் பல்லில் கவ்வி இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் நீந்திக் கரைசேர்ந்தார். மெடல் சட்டையில் ஏறியது. பில் முதுகுக்கு வந்தது. 1944-ல் ஆபரேஷன், 1954-ல் மறுபடி ஆபரேஷன், ஜனாதிபதியான பிறகும் இடுப்பில் கச்சை. (செல்வாக்குள்ள அப்பா இல்லாதவர்கள் முயல வேண்டாம்.)

ஒரு ஹவில்தாரின் மனைவி, தேனி
லீவில் வந்தவரை மாமியார் பத்து நாளாகப் படுக்கையைவிட்டு எழவே விடவில்லை. சரியா?

1986-லேயே சோதித்துவிட்டார்கள் தங்கச்சி. இரண்டு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்கு மட்டும் சீக்கிரம் திரும்பினார்கள். மாமியாரின் ஒத்தடம் தொடரட்டும். ஆளைக் கடைக்கு அனுப்புங்கள், கொத்தமல்லிக் கட்டோடு திரும்பி வரட்டும். அரிசி மூட்டை வேண்டாம். ஒன்று மட்டும் விளையாட்டில்லை: கால் பலமிழந்தால், தொடையிடுக்கு மரத்தால், சிறுநீர் அடைத்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. அதற்கு மாமியார் கையெழுத்து தேவையில்லை.

சிப்பாய், ஜோத்பூர்
எம்.ஆர்.ஐ.யில் 'எல்4-எல்5 பல்ஜ்' என்று வந்திருக்கிறது. தூக்கமே போச்சு.

1994-ல் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பல்ஜ்! ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அல்ல.

24 வயதுச் சிப்பாய், ஊர் வேண்டாம்
காலையில் முதுகு கட்டையாய்க் கிடக்கிறது. பி.டி.யில் ஓடினால் இளகுகிறது. சுபேதார் சாப் 'நடிக்கிறான்' என்கிறார்.

நடிப்பவனுக்கு வலி பி.டி.க்கு முன்னால் வரும், ஓடச் சொன்னால் கூடும். உங்களுக்குத் தலைகீழ். ஓய்வில் இறுகி, ஓட்டத்தில் இளகும் இளவயது வலி என்றால் டாக்டர்கள் சந்தேகிப்பது அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி அது. எச்.எல்.ஏ.-பி27 என்ற ரத்தப் பரிசோதனை துப்புக் கொடுக்கும். வாத நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சாப்பிடம் நீங்கள் வாதாட வேண்டாம், ரிப்போர்ட் சல்யூட் அடித்துப் பேசட்டும்.

ஓய்வுபெற்ற டிரைவர், கம்மவான்பேட்டை
பதினைந்து வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டி முதுகு போச்சு. ஊனப் பென்ஷன் கிடைக்குமா?

பணியால் வந்ததா, பணியால் முற்றியதா, 20 சதவீதமாவது தேறுமா என்று போர்டு பார்க்கும். சேரும்போது ஆவணத்தில் இல்லாத நோயால் ஒருவரை வெளியே அனுப்பினால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் புது விதிகள் வந்துவிட்டதால் நீங்கள் ஓய்வுபெற்ற தேதி முக்கியம். மறுத்தால் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதைவிட முக்கியம்: வலித்த அன்று எம்.ஐ. ரூம் பதிவேட்டில் எழுதவைத்தீர்களா? இல்லையென்றால் உங்களுக்கு ஒரே சாட்சி அந்த லாரிதான். அதையும் ஏலம் விட்டிருப்பார்கள்.

ஆசிரியர், சிவகங்கை
முதுகெலும்பில் குண்டு பாய்ந்தால் அத்தோடு கதை முடிந்ததுதானே?

ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கருக்கு முடியவில்லை. 1965 போரில் குண்டு பட்டுக் கால்கள் செயலிழந்தன. 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம், இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். குண்டிலிருந்து தங்கத்துக்கு 7 வருஷம். தங்கத்திலிருந்து பத்மஸ்ரீக்கு 46 வருஷம். செயலிழந்தது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

குறும்பன், மதுரை
உட்கார்ந்தே பதில் எழுதும் உமக்கு முதுகு வலி இல்லையா?

உண்டு. கேட்டகரியை இறக்க இங்கே போர்டு இல்லை. நேராகச் சம்பளத்தை இறக்கிவிடுகிறார்கள்.