பின்வரிசையில் இடமிருந்து நான்காமவர்: ஓர் ஆய்வு

உலகிலேயே அதிக முறை புகைப்படம் எடுக்கப்பட்ட மனிதர் யார் என்ற கேள்விக்கு இதுவரை தலைவர்கள், நடிகர்கள், அரச குடும்பத்தார் என்று ஏதேதோ விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. அனைத்தும் பிழை. எந்தப் புகைப்படக் காப்பகத்தின் பதிவேட்டைப் புரட்டினாலும் பக்கத்துக்குப் பக்கம் தென்படுபவர் ஒருவரே. அவர் திருமணத்தில் இருக்கிறார். பாலம் திறக்கும்போது இருக்கிறார். வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நிற்கிறார். மாநாட்டு மேடையில் யாருக்கோ குடை பிடிக்கிறார். பதிவேடு இவரை ‘அடையாளம் தெரியாதவர்’ என்று குறிக்கிறது. இத்துணைப் புகழ் வாய்ந்தவரைப் பற்றி முறையான ஆய்வு ஏதும் இல்லாமை தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை. அதை நீக்கப் புகும் இக்கட்டுரையின் துணிபு இது: அடையாளம் தெரியாதவரைப் படைத்தவர் கேமராக்காரர் அல்லர், காப்பகத்தில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, கதவோர மேசையில் அமர்த்தப்பட்டிருக்கும் கடைநிலை உதவியாளரே.

படைப்பு நிகழும் முறையை முதலில் காண்போம். பெட்டியிலிருந்து படம் மேசைக்கு வருகிறது. உதவியாளர் கையுறை அணிகிறார். (பருத்தியா நைட்ரைலா என்ற பூசல் ஒருவாறு ஓய்ந்துவிட்டது. பருத்தி நூல் பழைய படத்தின் பொரிந்த விளிம்பில் மாட்டி இழுத்துவிடும் என்பதால் நைட்ரைல் வென்றது. தோற்ற கட்சியினர் இன்றும் விளம்பரப் படங்களில் வெள்ளைக் கையுறையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.) மென்தூரிகையால் தூசி தட்டுகிறார். அசிடேட் ஃபிலிமாக இருந்தால் மோந்து பார்க்கிறார். வினிகர் நெடி அடித்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே குளிரறைக்கு அனுப்ப வேண்டும். பின்பக்க ஓரத்தில் மென்பென்சிலால் எண் இடுகிறார். அமிலமற்ற உறையில் போடுகிறார். இதுவரை புதிதாக எதுவும் பிறக்கவில்லை. அடுத்து எக்செல் கோப்பைத் திறக்கிறார். எண், அளவு, நிலை ஆகிய கட்டங்கள் தாமாக நிரம்புகின்றன. ‘படத்தில் இருப்பவர்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலாளர் கேட்பார். கேட்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே இரண்டு சொற்கள் தட்டப்படுகின்றன. அந்தக் கணம்வரை படத்தில் இருந்தவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, ஒருவேளை கடனும் இருந்தது. ‘என்டர்’ தட்டியதும் அனைத்தும் நீங்கி அவர் நம் ஆய்வுப்பொருள் ஆகிறார்.

இவர் பல வகையினர். மடியிலிருக்கும் குழந்தை ஒரு வகை, அது அழுதுகொண்டிருக்கும். பழங்காலத்து நீண்டநேர ஒளிப்பதிவில் அசைந்துவிட்டதால் புகையாய்ப் போனவர் இன்னொரு வகை. அவரைப் பேய் என்று நம்புவோரோடு நமக்கு வழக்கில்லை. முன்னால் நிற்பவரின் தலைப்பாகை மறைத்ததால் காது மட்டும் கிடைத்தவர் மூன்றாம் வகை. இம்மூவரையும் இத்தோடு விட்டுவிடலாம். இத்துறையின் நெஞ்சாங்குலை ‘பின்வரிசையில் இடமிருந்து நான்காமவர்’ என்ற வகையே. இதில் இடம் என்பது யாருடைய இடம்? பார்ப்பவரின் இடம் என்பர் ஒரு சாரார் (பெட்டி 14, உறை 3). நிற்பவரின் இடமே இடம் என்பர் மறுசாரார். தம் சோற்றுக்கை எதுவென்று நிற்பவருக்குத் தெரியாதா என்பது அவர்கள் வாதம் (பெட்டி 14, உறை 3, பின்பக்கம், வேறு கையெழுத்து). எண்ணும்போது தூணில் சாய்ந்திருப்பவரைச் சேர்ப்பதா? ஸ்டூலில் ஏறி நிற்கும் சிறுவன் பின்வரிசையா, தனிவரிசையா? சிறுவன் தன் உயரத்தால் நடுவரிசை, நிலையால் பின்வரிசை, குறும்பால் எவ்வரிசையும் அல்லன் என்று மூன்றாம் சாரார் நுண்ணிதின் உரைப்பர் (மேலது, தேநீர்க்கறைக்குச் சற்றுக் கீழே, கறையின் காலம் பற்றிய விவாதத்துக்குக் காண்க: பெட்டி 22, பெட்டி 22 எங்கே என்பதற்குக் காண்க: இடமாற்றப் பதிவேடு, பதிவேட்டுக்குக் காண்க: பூட்டிய அலமாரி, சாவி விடுப்பில் இருக்கிறது).

இவ்வளவும் போதாதென்று நெகட்டிவ் திரும்பிவிடும் ஆபத்து ஒன்று உண்டு. கண்ணாடி நெகட்டிவில் மருந்து பூசிய முகம் ஒன்று, வெறும் முகம் ஒன்று. பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்தால் உலகமே கண்ணாடிப் பிம்பமாகிவிடும். அப்போது இடமிருந்து நான்காமவராக இருந்த கலெக்டர் வலமிருந்து நான்காமவராகி, அவர் பெயர் கொடி பிடித்து நிற்கும் டவாலியின் தலையில் ஏறும். உதவியாளர் இதைச் சட்டைப்பையை வைத்துக் கண்டுபிடிக்கிறார். பை நெஞ்சின் வலப்பக்கம் இருந்தால், கைக்கடிகாரமும் வலக்கைக்கு ஏறியிருந்தால், முந்தானைகள் எல்லாம் வலத்தோளில் விழுந்தால், படம் திரும்பிவிட்டது. கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் கடிகாரம் வலக்கையில் இருந்தால் அவர் இடக்கையராகவும் இருக்கலாம். தையற்காரரையும் கடிகாரத்தையும் சான்றாகக் கொண்டு வரலாற்றைத் திருத்தும் இந்த முறைமை எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டிருந்தாலும் இந்நேரம் அதற்கு ஒரு கருத்தரங்கும் தோள்பையும் கிடைத்திருக்கும்.

நம் துணிபுக்கு அயல்நாட்டுச் சான்றுகள் வலுவாக உள்ளன. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து பட்டினி கிடந்த ஒரு தாயை டோரதியா லேங் படம் எடுத்தார். அமெரிக்க அரசுத் தொகுப்பில் அப்படத்தின் குறிப்பு அவர் ஏழை என்றது, 7 குழந்தைகளின் தாய் என்றது, வயது 32 என்றது. பெயர் சொல்லவில்லை, லேங் கேட்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் துருத்திய ஒரு கட்டைவிரலை 1939இல் நெகட்டிவிலிருந்து அழிக்க மட்டும் நேரம் கிடைத்தது. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட 42 ஆண்டுகளும் அச்செய்தி ஃப்ளாரன்ஸுக்குத் தெரிந்தே இருந்தது என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது. இனி, 1932 செப்டம்பர் 20 அன்று நியூயார்க்கில் 69ஆம் மாடி உயரத்து இரும்பு உத்தரத்தில் அமர்ந்து மதிய உணவு உண்ணும் 11 தொழிலாளர். அவர்களில் பெரும்பாலோர் இன்றும் நம் ஆய்வுப்பொருள்கள். படம் எடுத்தவராக 2003இல் ஒருவர் ஏற்கப்பட்டார். அன்று அங்கே வேறு கேமராக்காரர்களும் இருந்தார்கள் என்று தெரிந்தபின் அவரும் ஐயத்துக்குரியவரானார். ஆக, அடையாளம் தெரியாதவரை அடையாளம் தெரியாதவர் எடுத்த படம் என்பதால் இதைத் துறையின் தூய சான்று எனலாம். அதன் கண்ணாடி நெகட்டிவ் உடைந்து, பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கக் கிடங்கில் குளிரில் கிடக்கிறது. லேங்கின் படம் அடங்கிய தொகுப்பில் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். அவற்றுள் குறிப்பே இல்லாதவற்றுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தலைப்பு வைத்த விதம் போற்றத்தக்கது: தலைப்பற்ற படம், இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும். ‘கூடும்’ என்று முடியும் வாக்கியத்தை எவரும் மறுக்க இயலாது. முனைவர் பட்டங்கள் பல இதைவிடக் குறைந்த உறுதியில் வழங்கப்பட்டுள்ளன.

உதவியாளர் அறியாததை அறியவில்லை என்று எழுதினார், இதில் படைப்பு எங்கே வந்தது என்று தடை எழுப்பலாம். அறியாமை உதவியாளருடையது, அதைச் சுமப்பவரோ படத்தில் இருப்பவர். ‘எமக்குத் தெரியவில்லை’ என்று எழுதினால் குறை மேசையின்மேல் நிற்கும். ‘அடையாளம் தெரியாதவர்’ என்று எழுதினால் அது பின்வரிசைக்கு இடம்பெயர்ந்து நிற்பவரின் பிறவிக்குணம் ஆகிவிடுகிறது. பிறகு பேராசிரியர் வருவார். பெயரின்மையின் அரசியல், அடையாள மறுப்பு, முகத்தின் மௌனம் என்று 40 பக்கம் எழுதுவார். அடுத்த உறையில் அதே ஆள் அதே சட்டையில், பின்னால் ஊதா மையில் பெயரோடு இருப்பார். உறையைத் திறக்க வேண்டுமானால் விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும் என்பதால் ஆய்வு மௌனத்தோடு நின்றுவிடும். நூலின் நன்றியுரையில் இயக்குநர் பெயர் வரும், நிதி தந்த அறக்கட்டளை வரும், மேலட்டை வடிவமைத்தவர் வருவார். பெட்டியைத் தூக்கி வந்தவர் ‘காப்பக ஊழியர்கள்’ என்ற பன்மையில் வருவார். நூலகப் பட்டியல் மரபில் பட்டியலிடுபவரே வைத்த தலைப்பைப் பகர அடைப்புக்குள் போடுவது வழக்கம். ஊழியர் உலகில் விட்டுச்செல்லும் கையொப்பம் அந்த இரண்டு அடைப்புக்குறிகள்தாம். அச்சில் அவற்றையும் பதிப்பாசிரியர் அழகு கருதி நீக்கிவிடுவார்.

இனி இயந்திரமே முகம் பார்த்துப் பெயர் சொல்லிவிடும், உதவியாளரும் வேண்டாம் இந்த ஆய்வும் வேண்டாம் என்பது இறுதித் தடை. இயந்திரம் ஒரு முகத்தை இன்னொரு முகத்தோடு ஒப்பிடும். ஒப்பிட ஏற்கெனவே பெயர் எழுதிய முகம் ஒன்று வேண்டும். அதை எழுதியவர் யார் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம். கல்யாணப் படத்தில் ஒரே மீசை வைத்த நான்கு அண்ணன் தம்பிகளை அது ஒருவராகச் சுருக்கினால், பிரித்து எடுக்கவும் அதே மேசைக்குத்தான் படம் வரும். ஆகவே பதவி உயர்வு கிடைக்காவிட்டாலும் பணி நீடிக்கும் என்பது பெறப்படும். எஞ்சுவது பென்சில் பற்றிய சர்ச்சை மட்டும்: முனை கூராக இருக்கக் கூடாது, எழுதும்போது அழுத்தவும் கூடாது. பின்னால் ‘தெரியாதவர்’ என்று ஊன்றி எழுதினால் முன்னால் நிற்பவரின் நெற்றியில் அது எழும்பித் தெரியும்.