புனல் காலமும் ஆயிரம் வாட்டும்

எண்பதுகளில், காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரான கூரத்தில் கல்யாண வீடு எது என்று வெளியூர்க்காரர் யாரும் வழி கேட்டதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காதில் விழுந்துவிடும். வேப்பமரக் கிளையில் ஆளுக்கொரு திசை பார்த்துக் கட்டிய இரண்டு புனல்கள், கயிற்றுக் கட்டில்மேல் அஹூஜா ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ரிக்கார்டு பிளேயர். முதலில் சுற்றுவது சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டுத்தான். மைக்செட் என் சித்தப்பாவுடையது. வயர் சுருட்டுவது என் வேலை.

அந்த ஆம்ப்ளிஃபயர் 40 வாட். கரண்ட் போனால் கார் பேட்டரியில் ஓடும். அதில் ஊரே பாட்டுக் கேட்டது. போன மாதம் எங்கள் கூடத்து டிவிக்கு ஹோம் தியேட்டர் வைக்கலாம் என்று பேச்செடுத்தபோது, மகன் போனில் காட்டியது 1000 வாட் செட். "அப்பா, இதுக்குக் கொறஞ்சா தியேட்டர் எஃபெக்ட் வராதுப்பா" என்றான். கேட்கப்போவது மூன்று பேர்.

சித்தப்பா இருந்திருந்தால் வாட்டைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார். "டேய், மொதல்ல புனலப் பாரு, அப்பறம் பொட்டியப் பாரு" என்பார். அது அனுபவத்தில் வந்த கணக்கு, ஆனால் சுத்தமான இயற்பியல். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால், வீட்டு ஸ்பீக்கர் பெட்டி 86 டெசிபல் அளவில் ஒலிக்கும்; நல்ல புனல் 106-ஐத் தொடும். வித்தியாசம் 20 டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் 10 டெசிபல் ஏற 10 மடங்கு வாட் வேண்டும், 20 ஏற 100 மடங்கு. சித்தப்பாவின் 40 வாட்டுக்கு ஈடுகொடுக்க வீட்டுப் பெட்டி 4000 வாட் கேட்கும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதோ வெறும் 3 டெசிபல். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கியவர் காதுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

புனலுக்கும் ஒரு விலை இருந்தது. கனத்த ஒலி எதுவும் அதன் வழியே வெளியே வராது. நாகஸ்வரம் கணீரென்று கேட்கும். மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று வரும், தொப்பி காணாமல் போய்விடும். பாதி மிருதங்கத்தையே முழு மிருதங்கம் என்று நினைத்து வளர்ந்தது எங்கள் தலைமுறை. சித்தப்பா மருமகனின் ஸ்டீரியோ டெக்கில் இளையராஜா பாட்டு ஒன்றின் பேஸ் கிட்டாரை முதன்முதலாகக் கேட்டபோது, இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று திகைத்தேன். நல்ல ஆம்ப்ளிஃபயர்மேல் எனக்கு ஆசை பிறந்தது அன்றுதான். சத்தத்துக்காக அல்ல, அந்தத் தொப்பிக்காக.

எங்கள் ஊருக்கும் ஒலிக்கும் பழைய உறவு உண்டு. எங்கள் ஊர்க்காரரான கூரத்தாழ்வார் செல்வராக இருந்த காலத்தில், அவர் மாளிகைக் கதவு இரவில் சாத்தப்படும் ஓசை காஞ்சி வரதராஜர் சந்நிதி வரை கேட்டதாகச் சொல்வார்கள். அது தெரியவந்ததும் அவர் வெட்கப்பட்டு, சொத்தையெல்லாம் விட்டு ஸ்ரீரங்கத்துக்கு ராமாநுஜரிடம் போய்விட்டாராம்.

வாட் கணக்கில் ஏமாற்று எப்போதும் உண்டு. தொண்ணூறுகளின் டேப்ரிக்கார்டர்களில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் தாங்காது. இதே மாதிரிக் கூத்து தாங்காமல் அமெரிக்காவில் 1974-லேயே, தொடர்ந்து தரக்கூடிய வாட்டைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். இன்றும் விவரத்தாளின் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். ஒரே சேனலை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத ஒலிச்சிதைவோடு அளந்ததா? இல்லை, இரண்டு சேனலும் ஓட, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்ததா? இரண்டாவது வகையில் சொல்லும் 100 வாட்தான் 100 வாட். சித்தப்பா பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். கனம் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பெரிது. கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயர் வந்தபிறகு அந்தச் சோதனை எடுபடாது. கைக்கு லேசான பெட்டியே இன்று நிறைய வாட்டை அதிகம் சூடாகாமல் தருகிறது.

கூடத்தையும் பார்க்க வேண்டும். அப்பா பட்டுத்தறி போட்டிருந்த இடம் அது. மண்சுவர், நாட்டு ஓடு, மூலையில் பாவு, நூல் மூட்டை. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டதென்றால், எதிரொலியை அந்த அறையே விழுங்கியதும் ஒரு காரணம். இப்போது தறிக்குழியை மூடி டைல்ஸ் ஒட்டி, மேலே கான்கிரீட். கை தட்டினால் சுவர் திருப்பித் தட்டுகிறது. எத்தனை ஆயிரம் வாட் வைத்தாலும் இந்த அறையில் வசனம் குழறும். ஆகவே முதல் செலவு கனத்த திரைச்சீலைக்கும் ஜமுக்காளத்துக்கும் போனது.

பிறகு மகனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. 1 வாட்டிலேயே அங்கே ஏறக்குறைய 80 டெசிபல் வந்துவிடும். சாயங்காலப் பாட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. படத்தில் வெடியும் இடியும் அதற்கு 20 டெசிபல் மேலே பாயும் கணத்துக்குத்தான் 100 வாட். அதனால், வெளி ஆம்ப்ளிஃபயரை இணைக்க ப்ரீ-அவுட் உள்ள நடுத்தர ஏ.வி. ரிசீவர் ஒன்று, முன்பக்க இரண்டு பெட்டிக்கு மட்டும் சேனலுக்கு 100 வாட் தரும் ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர். நடுவில் வைப்பதையும் பின்பக்கத்தையும் ரிசீவரே பார்த்துக்கொள்ளும். பாட்டுக் கேட்கும்போது வேலை செய்வது அந்த இரண்டு பெட்டி மட்டும்.

சப்வூஃபருக்கு உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் அதைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. மகன் 12 அங்குலம் கேட்கிறான். பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் சுவரோடு ஒட்டியது என்பதால் 8 அங்குலம் போதும் என்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.