கோழி ஏன் சார் நீலமா இருக்கு?

நாளுக்கு 10,000 காலடி நடக்க வேண்டும் என்ற கணக்கை முதலில் ஊருக்குப் பரப்பியது எந்த டாக்டரும் இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்று அந்த எண்ணையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனிக்காரர்கள் சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் காலையில் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள். நடந்திருந்தால் 800-ஐத் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு பறவை வழிமறித்திருக்கும்.

அங்கே நடக்கிற பெரியவர்களுக்குப் பறவை உலகம் மிகச் சிறியது. வெள்ளையாக இருந்தால் கொக்கு, பொடியாக இருந்தால் குருவி, குரல் நன்றாக இருந்தால் குயில், உயரப் பறந்தால் கழுகு. மிச்சமெல்லாம் காக்கை. இந்த ஏற்பாடு பல்லாண்டு சிக்கலில்லாமல் ஓடும். ஒருநாள் கோரைக்குள்ளிருந்து சிவந்த அலகும் நீல உடம்புமாக நீலத் தாழைக்கோழி நடந்து வரும்.

"கோழி ஏன் சார் நீலமா இருக்கு?"

"ஹைப்ரிட்டா இருக்கும் சார். இப்ப எல்லாத்துலயும் வந்துருச்சு."

கேட்டவர் நம்பிவிடுகிறார். சொன்னவருக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போகிறது. மறுநாள் கையில் பைனாகுலர். நடைப்பயிற்சி அத்தோடு முடிந்தது, இனி நிற்பயிற்சிதான்.

அடுத்த சில வாரங்களுக்குப் புதுப் பறவைகள் சரமாரியாகக் கிடைக்கும். விசாரித்தால் முக்கால்வாசி பழைய ஆட்களே. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு பழுப்பாக உட்கார்ந்திருக்கும் அந்த அபூர்வப் பறவை, கன்னங்கரேலென்ற ஆண்குயிலின் மனைவி. சேற்றில் சேறாக நின்ற மடையான் எழுந்து பறந்ததும் தூய வெள்ளைச் சிறகு தெரிய, பட்டியலில் இரண்டு பறவையாக ஏறிவிடும். ஊதாத் தேன்சிட்டில் ஆண் இன்னும் மோசம். கூடு கட்டும் காலம் முடிந்ததும் பளபளப்பை உதிர்த்துவிட்டு, மஞ்சள் நெஞ்சில் கருங்கோடு ஒன்றை மட்டும் இழுத்துக்கொண்டு வரும். கல்யாணப் பட்டுவேட்டியில் பார்த்த மாப்பிள்ளையை லுங்கியில் பார்த்தால் யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

இதற்காக மனிதர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பறவைகளுக்கே பறவைகளைத் தெரிவதில்லை. புத்திசாலி என்று பெயரெடுத்த காக்கை, தன் கூட்டில் குயில் இட்ட முட்டையை அடைகாத்து, குஞ்சுக்கு ஊட்டியும் வளர்க்கிறது. அக்காக்குயில் வடிவத்திலும் பறக்கும் தோரணையிலும் வல்லூறை அப்படியே உரித்து வைத்திருப்பதால், அது வந்தாலே சின்னப் பறவைகள் அலறிக் கூச்சலிடும். காலம் முழுக்க மரத்தில் குடியிருப்பவற்றுக்கே இந்தக் கதி என்றால், சர்க்கரை குறைய நடக்க வந்தவரை என்ன சொல்வது?

பறவையியலாளர் சாலிம் அலியின் கதையும் இப்படித் தொடங்கியதுதான். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டார், மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடாமல், பாடம்செய்து அடுக்கியிருந்த பறவைகளையும் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய கையேட்டை எழுதியது அந்தப் பையன்தான். சுயசரிதைக்கும் அந்தச் சிட்டு விழுந்ததையே தலைப்பாக வைத்தார். இன்று அப்படிச் சிட்டைச் சுடுகிற பையனை அழைத்துப் போக வேறு அலுவலகங்கள் இருக்கின்றன.

இப்போது துப்பாக்கி வேண்டாம், போன் போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. அமைதியாக இருந்தால் நன்றாகவே சொல்கிறது. ஆனால் போனை நீட்டுகிற நேரம் பார்த்துப் பின்னால் ஒருவர் மருமகன் வாங்கிய ஃபிளாட்டின் இ.எம்.ஐ. விவரம் சொல்லிக்கொண்டு வருவார். எதிர்ப்பக்கம் சிரிப்புக் குழு கைதட்டத் தொடங்கும். கையில் கட்டிய கடிகாரம் வேறு, வெகுநேரமாக அசையவில்லை, எழுந்து நடக்கவும் என்று நடுங்கும்.

இப்படிப் பறவை பார்க்கிறவர்களுக்கென்றே அமைந்ததுபோல 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதை எண்ணி இபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். வீட்டு மாடியிலிருந்தும் எண்ணலாம். காக்கையும் கணக்கில் சேரும் என்று தெரிந்த பிறகு பலர் தைரியமாக முன்வருகிறார்கள்.