எம்.சி.பி. விழுதல்: திணையும் தீர்வும்

எம்.சி.பி. விழுதல் என்பது, ஒரு மின்சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது, மெயின் பெட்டியிலுள்ள சிறு நெம்பு தானாகக் கீழிறங்கி வீட்டின் ஒரு பகுதியை இருட்டில் ஆழ்த்தும் நிகழ்வு. உலக வழக்கில் இது முதலில் "கரண்ட் போச்சு" எனவும், எதிர்வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டபின் "நம்ம வீட்ல மட்டும்தான்" எனவும் வழங்கும். தெரு முழுதும் இருண்டால் அது மின்வாரியத்தின் பாற்பட்டது. இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

எம்.சி.பி. என்னும் இந்தச் சிறு சுற்றுத்துண்டிப்பானுக்குக் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த ஹ்யூகோ ஸ்டோட்ஸ், ஆண்டு 1924. உள்ளே இருவர் காவல் இருக்கின்றனர். ஈருலோகப் பட்டை மிகுலோடில் மெல்லச் சூடாகி வளைந்து, நிதானமாகச் சுற்றை அறுக்கும். காந்தச் சுருள் ஷார்ட் சர்க்யூட்டில் கணநேரத்தில் அறுக்கும். முன்னது பொறுமைசாலி, குழப்பம் முழுவதும் அதன் பொறுமையால் வருவது.

முதல், கரு, உரி என்னும் தொல்காப்பியர் பகுப்பு இந்நிகழ்வுக்கு முற்றும் பொருந்துகிறது. நிலம்: சமையலறையும் அதையொட்டிய குளியலறையும், கட்டியவர் இரண்டையும் ஒரே சுற்றில் கோத்திருப்பின். சிறுபொழுது: காலை ஆறரை முதல் எட்டரை வரை, பள்ளி விடுமுறையில் வழக்கொழியும். பெரும்பொழுது இரண்டு: கீசர் ஓடும் முன்பனி ஒன்று, ஏசி ஓடும் சித்திரை வைகாசி மற்றொன்று. பின்னதை இலக்கணம் இளவேனில் என்கிறது. ஏசி அதை ஏற்பதில்லை. கருப்பொருள்: கீசர், இன்டக்ஷன் அடுப்பு, மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பல்புக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே ஒயரிங் செய்த பழைய வீடுகளில் இவை பிற்சேர்க்கை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் கருப்பொருளை வழங்கியதேயன்றிக் கம்பியை மாற்றித் தரவில்லை. உரிப்பொருள்: ஊடல். ஊடல் நிமித்தம்: "கடைசியா சுவிட்ச் போட்டது யாரு?" என்னும் வினா.

இவ்வினா ஆய்வுநெறிக்கு ஒவ்வாதது. 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைக் கொள்க. அந்தக் குறியளவின் 1.13 மடங்கில் அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பது தரவிதி. 230 வோல்ட்டில் 2000 வாட் கீசரும் 2000 வாட் இன்டக்ஷனும் சேர்ந்து எடுப்பது 17.4 ஆம்பியர். 16ஐத் தாண்டியும் நெம்பு அசையாது. 750 வாட் மிக்ஸி சேர்ந்தால் ஏறத்தாழ 20.7. இது இரு வரம்புகளுக்கும் இடைப்பட்ட பகுதி. விழலாம், விழாமலும் இருக்கலாம். "நேத்து இதே மாதிரிதானே போட்டோம், விழலையே" என்னும் தொன்மையான ஐயத்துக்கு விடை இங்கேதான் உள்ளது. பட்டையின் அளவீடு 30 டிகிரி வெப்பநிலைக்குரியது என்பதால், கோடையில் வெயில் காயும் பெட்டிக்குள் அது இன்னும் முன்னதாகவே வளையும். இறுதியாக 1000 வாட் இஸ்திரிப் பெட்டி வர, மொத்தம் 25 ஆம்பியர், எம்.சி.பி. விழுகிறது, பழி இஸ்திரிப் பெட்டிமேல் விழுகிறது. அது எடுத்ததோ 4.3 ஆம்பியர். 8.7 எடுத்த கீசர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சாட்சியின்றித் தப்பிவிடுகிறது.

தீர்வு குறித்து மூன்று மரபுகள் உள்ளன. தூக்குமரபினர் விழுந்ததைத் தூக்கிவிட்டு நகர்வர். பட்டை ஆறும் வரை நெம்பு நிற்காது என்பதால், எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்ட பிறகே இவர்கள் வெற்றி பெறுகின்றனர். பிடிமரபினர் நெம்பை விரலால் மேலே அழுத்தி நிற்பர். வெளியே பிடித்தாலும் உள்ளே தொடர்பு அறும்படியே கருவி அமைந்துள்ளது. வடிவமைத்தவர் இம்மரபினரை முன்பே சந்தித்திருக்க வேண்டும். பெருக்குமரபினர் 16ஐக் கழற்றி 32ஐ மாட்டுவர். ப்யூஸ் கட்டையில் ஓரிழை நில்லாதபோது நான்கிழை முறுக்கிய முன்னோரின் நேர் வாரிசுகள் இவர்கள்.

ஆய்வுமுறை எளிது. அந்தச் சுற்றின் பிளக்குகள் அனைத்தையும் உருவி, சில நிமிடம் கழித்து நெம்பைத் தூக்குக. எதுவும் மாட்டாமலே விழுந்தால் கோளாறு பெரும்பாலும் ஒயரிங்கில். அங்கே ஆய்வாளர் நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீசியனிடம் ஒப்படைப்பது நலம். நின்றால் ஒவ்வொன்றாக மாட்டுக. குறிப்பிட்ட ஒன்றைப் போட்டவுடன் விழுந்தால் அக்கருவியில் ஷார்ட். பல சேர்ந்து, சில நிமிடம் கழித்து விழுந்தால் மிகுலோடு. லோடு குறைவாயிருந்தும் விழுந்தால், எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து அவ்விடம் சூடாகிறதா என எலக்ட்ரீசியன் பார்க்க வேண்டும். டெஸ்ட் பொத்தானுடைய பெரிய பிரேக்கர் விழுந்தால் அது மின்கசிவு. வீடுகளில் அதன் வரம்பு பொதுவாக 30 மில்லிஆம்பியர். ஐயப்பாட்டுக்குரிய முதல் ஆள், இம்முறை நியாயமாகவே, கீசர்.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் செல்லும் கம்பியை. மிக்ஸியையோ கீசரையோ அன்று. 32 ஆம்பியர் எம்.சி.பி., 36 ஆம்பியரிலும் ஒரு மணி நேரம் வாளாவிருக்கும் கடமையுடையது, அதற்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் உறை குழாய்க்குள் இளகத் தொடங்கிவிடக்கூடும். ஆகவே பெருக்குமரபு விலக்கத்தக்கது. கீசருக்குத் தனி லைன் இழுப்பதே முடிபு. அதுவரை சட்டைகளை முந்தின இரவே இஸ்திரி போட்டு வைத்துக்கொள்க.